பிஸ்கட் பேணியில் ஒரு நகைப்பெட்டி

மாங்குளத்தில் சைக்கிள் திருத்தும் யோகலிங்கத்துக்கு நகையைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆகவே மனைவிக்கு நகைப்பெட்டி செய்யத் துணிந்தார். பழைய பிஸ்கட் தகரப் பேணிக்குள் முட்டை அடுக்கும் மட்டையை வெட்டி வைத்து, மேலே கிழிந்த சேலைத் துணியை ஒட்டினார். தோட்டுக்கு ஒரு குழி, மோதிரத்துக்கு ஒரு குழி.

மனைவி விமலேஸ்வரி போரில் இடம்பெயர்ந்த காலத்திலிருந்து நகைகளைத் துணியில் முடிந்து இடுப்பிலேயே செருகியிருப்பவர். ஊர் திரும்பி, வீடு கட்டி, கதவுக்குப் பூட்டும் போட்டாயிற்று. முடிச்சு மட்டும் இறங்கவில்லை. அதை இறக்கிவைத்துவிட்டு அவர் ஒருநாளாவது நிம்மதியாகப் படுக்க வேண்டும் என்பதே யோகலிங்கத்தின் ஆசை.

"இனி எங்கயப்பா ஓடப்போறம்? இதுக்க வையும்."

விமலேஸ்வரி பேணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வடிவாத்தான் கிடக்கு. கோழிதான் ஏமாந்துபோகும்."

என்றாலும் முடிச்சை அவிழ்த்தார். தோடுகளை ஒவ்வொன்றாகக் குழிகளில் வைத்து மூடினார். பிறகு யோசித்தார்.

"இஞ்சாருங்கோ, இதுக்கொரு கைப்பிடி போட்டுத் தருவியளே? தூக்கிறதெண்டால் சுகம்."

யோகலிங்கம் உடைந்த வாளியின் கம்பியை வளைத்து, இரு பக்கமும் இறுக்கிப் பூட்டினார்.

அன்று மத்தியானம் விமலேஸ்வரி பல வருடங்களுக்குப் பிறகு குப்புறப் படுத்துத் தூங்கினார். ஒரு கை மட்டும் கைப்பிடியில் இருந்தது.