இருவருக்கும் ஒரே கிருமி

உக்குவளையில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து காலை முறித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் தகடு வைத்துத் தைத்தார்கள். வீட்டுக்குப் போகலாம் என்றிருந்த நேரத்தில் தையலில் சீழ் கண்டது. வழக்கமான அன்டிபயோட்டிக் எதற்கும் அந்தக் கிருமி மசியவில்லை. ஒரேயொரு மருந்துக்குத்தான் அடங்கும், அதையும் நரம்பு வழியாகத்தான் ஏற்ற வேண்டும் என்றார் டொக்டர்.

அடுத்த கட்டிலில் நாலந்தாப் பக்கத்து முஸ்லிம் பெண்மணி. சீனி வருத்தத்தால், அதாவது நீரிழிவால், கால் புண்ணாகி வந்தவர். அக்கா முறை வைத்து நான் ராத்தா என்று கூப்பிடுவேன். அவர் என் தலையணையைச் சரிசெய்வார். நான் அவருக்குத் தலை பின்னிவிடுவேன். அவருடைய புண்ணிலும் அதே கிருமி இருப்பது பரிசோதனையில் தெரிந்தது. மற்றவர்களுக்குப் பரவக்கூடாதென்று எங்கள் இருவரையும் வார்டின் கோடியிலிருந்த சின்ன அறைக்கு மாற்றினார்கள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "நான்தான் ஒங்களுக்குக் குடுத்துட்டேன் போல, ராத்தா."

"ஏன் தங்கச்சி, நான் ஒங்களுக்குக் குடுத்திருக்க ஏலாதா?" என்று சண்டைக்கு வந்தார்.

மருந்து கட்டிக்கொண்டிருந்த தாதி சிரித்துவிட்டார். "யாருகிட்ட இருந்து யாருக்குன்னு சொல்ல ஏலாது. கட்டில் கம்பி, பிரஷர் பாக்குற பட்டி, எங்க கை, ஒங்க கை, எதுலயும் வரும். கைய நல்லா கழுவணும், அதுதான்."

ராத்தாவின் கணவர் தம்புள்ளையில் மரக்கறி வியாபாரி. லொறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். அறை வாசல் குழாயடியில் விரலிடுக்கெல்லாம் சவர்க்காரம் போட்டுத் தேய்க்கத் தாதி அவருக்குச் சொல்லிக்கொடுத்தார். அன்றிலிருந்து நோயாளரைப் பார்க்கும் நேரம் முழுக்க அவர் அந்தக் குழாயடியை விட்டு நகரவில்லை.

ஞாயிறு பின்னேரம் எங்கள் கத்தோலிக்கக் கோயில் சுவாமி, பெண்கள் கூட்டத்தோடு எனக்காகச் செபிக்க வந்தார்.

"சுவாமி, கை!" என்றார் ராத்தாவின் கணவர்.

"நான் பூசையிலயே கை கழுவுறவன்தானே?"

"அது காலையில. இது இப்ப."

சுவாமி அங்கியின் கையை மடித்தார். பின்னால் பெண்கள் வரிசையாக நின்றார்கள். தையல் விட்டுவிடுமோ என்று பயந்து பயந்து சிரித்தேன்.

"எனக்கும் சேத்துக் கேளுங்க சுவாமி," என்றார் ராத்தா.

மருந்து வேலை செய்தது. என் காயம் காய்ந்தது. ராத்தாவுக்கு ஒரு கால்விரலை எடுக்க வேண்டியிருந்தது, பாதம் தப்பியது. வார்டில் வேறு யாருக்கும் தொற்றவில்லை.

இந்தப் பெருநாளுக்கு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். கருப்பட்டி இனிப்பான வட்டிலப்பத்தில் தன் பங்கையும் ராத்தா என் தட்டிலேயே வைத்தார்.