டூலெட் போர்டைப் பார்த்து வந்த சோபா விளம்பரம்

கள்ளிக்குப்பம் வீட்டு மாடி காலியாக இருக்கிறதென்று, வாசல் கேட்டில் என் நம்பரோடு டூலெட் போர்டு மாட்டினேன். குடிவர ஒருத்தரும் கூப்பிடவில்லை. குமணன்சாவடியில் ஒரு சோபா கடைக்காரன் மட்டும் தினமும் ஆயிரம் மெசேஜ் அனுப்பினான்!

இன்று கடைக்கே போய் நான் போட்ட சத்தத்தில் சிக்னலில் வண்டியெல்லாம் நின்றுவிட்டது.

"யாரைக் கேட்டுடா அனுப்புற?"

"நீதானே நைனா ஊட்டு வாசல்ல நம்பர் போட்டு வெச்சிகீறே?"

"அது குடிவர்றவனுக்குடா! விளம்பரம் அனுப்ப என் சம்மதம் வேணும். அந்தச் சட்டத்தையே என்னைக் கேட்டுதான் எழுதினாங்க!"

அவசரமாகத் தன் போனிலிருந்து என் நம்பரை அழித்தான். அழித்த கையோடு, "மாடி வாடகை இன்னா அண்ணாத்தே?" என்றான்.

மூஞ்சியைப் பாருங்கள்! கேட்காமல் மெசேஜ் அனுப்புகிறவன், கேட்காமலே குடியும் வந்துவிடுவான்.

நல்ல குடித்தனக்காரர் யாராவது இருந்தால் கீழே கமெண்டில் சொல்லுங்கள். சோபா விற்கிறவர் வேண்டாம்.