கோட்டைக் கதவைத் திறந்தவள்

அந்தக் கோடை விடுமுறையில் எனக்கு வயது பத்து. ஓடைப்பட்டியில் எங்கள் வீட்டுக் கடைசி அறையில் சித்தியின் கம்ப்யூட்டர் இருந்தது. சித்தி என்றால் அம்மாவின் கூடப்பிறந்த தங்கை; படிப்பை முடித்துவிட்டு எங்களோடுதான் இருந்தாள். அம்மாவுக்கு அவள் சோம்பேறி. இன்டர்நெட் விளையாட்டிலோ இருபது பேர் கொண்ட படைக்குத் தலைவி. மந்திரவாதிகளும் வில்லாளிகளும் அவள் நில் என்றால் நின்றார்கள், ஓடு என்றால் ஓடினார்கள்.

எனக்கும் ஒரு குள்ளச்சியை உண்டாக்கிக் கையில் மரக்கத்தி கொடுத்திருந்தாள். ஆறு நாளாக முயல் வேட்டையாடிக்கொண்டிருந்தேன். அதில் இரண்டு முறை முயல்தான் என்னைக் கொன்றது.

அந்த வெள்ளிக்கிழமை இரண்டு சோதனைகள் சேர்ந்து வந்தன. சாயங்காலம் நாலரைக்கு மார்க்கையன்கோட்டையிலிருந்து சித்தியைப் பெண் பார்க்க வருகிறார்கள். அதே நேரம் எதிரிப்படை அவள் கோட்டையை முற்றுகையிடுகிறது. ஐந்து மணிவரை கதவு திறக்காமல் இருந்தால் கோட்டை தங்கும். எவனாவது உள்ளே வந்துவிட்டால் ஒரு வருஷ உழைப்பும் போச்சு.

"எனக்கு இப்ப கல்யாணம் வேணாம்க்கா" என்று அந்த வாரத்தில் சித்தி இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். அம்மா பூக் கட்டிக்கொண்டே, "அவுக வந்து பாத்துட்டுத்தான் போகட்டுமே" என்றாள். அதோடு பேச்சு முடிந்தது.

பட்டுப்புடவை கட்டி முடித்ததும் சித்தி என்னைத் தன் நாற்காலியில் உட்கார வைத்தாள். "நான் வர்ற வரைக்கும் கோட்டைக்குள்ள இங்கனயே நில்லு. கதவுச் சாவி என் ஆளுகிட்டதான் இருக்கு. இந்தப் பொத்தான மட்டும் அமுக்கிறாத, ஆத்தா, கதவு தொறந்துரும்."

மணி நாலே முக்கால். மாப்பிள்ளை வீட்டாரை இன்னும் காணோம். திரையில் மதில்மேல் எங்கள் ஆட்கள், வெளியே கறுப்புக் கொடிகள். திடீரென்று எதிரிகள் எல்லாரும் பின்வாங்கி மரங்களுக்குள் போய்விட்டார்கள். ஒரே ஒருத்தன் மட்டும் கதவுக்கு முன்னால் வந்து நின்றான். ஆயுதம் ஏதும் இல்லை. கும்பிட்டான். முட்டி போட்டான். எழுந்து மறுபடியும் கும்பிட்டான்.

எங்கள் வீட்டு வாசலில் ஆள் வந்து நின்றால், உள்ளே கூப்பிட்டுவிட்டுத் தண்ணீர்ச் செம்பை எடுத்து ஓடுவது என் வேலை. ஒரு நிமிஷம் தாமதித்தாலும் அம்மா தொடையில் கிள்ளிவிடுவாள். இவனை எவ்வளவு நேரம் நிற்க வைப்பது? சரியாக அந்த நேரம் பார்த்துத் தெருவில் வேன் வந்து நின்ற சத்தமும், அம்மாவின் குரலும் கேட்டன.

"வாங்க, வாங்க! ஏன் அங்கனயே நிக்கிறீக? உள்ள வாங்க!"

நான் பொத்தானை அமுக்கினேன்.

கும்பிட்டவன் அசையவே இல்லை. மரங்களுக்குள்ளிருந்து நாற்பது பேர் பாய்ந்து வந்தார்கள். ஹெட்போனில் சித்தியின் படையைச் சேர்ந்த கட்டப்பனைக்காரப் பையன் ஒருவன், "அய்யோ சேச்சி, எந்தா ஈ காணிச்சது!" என்று அலறினான். என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க என்று மலையாளத்தில் கேட்கிறான். கதவை மூடலாமென்றால் எந்தப் பொத்தான் என்று தெரியவில்லை. ஐந்தடிக்க மூன்று நிமிஷம் இருக்கையில் எங்கள் கொடி இறங்கியது.

வந்தவர்கள் தோட்டத்துத் திராட்சையைத் தின்றுவிட்டு, பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று சொல்லிப் போனார்கள். சித்தி அறைக்கு வந்து திரையைப் பார்த்தாள்.

"யாருடி தொறந்தது?"

"நான்தான் சித்தி. பாவம், வெளிய நின்னுக்கிட்டு இருந்தாக."

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகி, பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா எட்டிப் பார்த்து, "நம்மள விட்டுப் போகணுமேன்னு அழுகுறா" என்று பெருமையாகச் சொன்னாள். எனக்கல்லவா தெரியும், கோட்டைக்காகத்தான் அழுகிறாள் என்று! பாவி, எல்லாம் நான் செய்த வேலை.

அடுத்த வெள்ளிக்கிழமை பூ வைக்க வந்தார்கள். அதே வேன் தெருமுனையில் திரும்பியதுமே ஓடிப்போய் வாசற்கதவைச் சாத்தினேன். இரண்டு தாழ்ப்பாளையும் போட்டு, முதுகைக் கொடுத்து நின்றுகொண்டேன். நான் கற்றுக்கொண்டுவிட்டேன் என்று சித்தி பார்க்கட்டும். வெளியே தட்டினார்கள்.

"அடியே, தொறடி! மானத்த வாங்காத!" என்றாள் அம்மா.

"இந்தத் தடவ தொறக்க மாட்டேன்!"

அப்பா நறுக்கென்று ஒரு குட்டு வைத்து, என்னை இழுத்துப் போட்டுவிட்டுக் கதவைத் திறந்தார். வந்தவர்கள் விஷயத்தைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சித்தி மட்டும் சிரிக்கவில்லை. அறை வாசலில் நின்று, நிறைந்த கண்களோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோட்டையைத் தொலைத்த கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை போலும் என்று நினைத்து, நான் தலையைக் குனிந்துகொண்டேன்.