கற்பகவல்லியும் நாலு சக்கர பைக்கும்

ஏழாயிரம்பண்ணை பஸ் நிறுத்தத்தைத் தாண்டி, பட்டாசுக் கம்பெனி வேன்கள் திரும்புகிற வளைவில் முனியராஜின் கடை இருக்கிறது. வண்டிகளைக் கிளப்புகிற செல்ஃப் மோட்டார், டைனமோ பழுது பார்க்கும் கடை. பலகையில் அவன் பெயர்தான். ஆனால் காலையில் வேன் கிளம்பாமல் மக்கர் பண்ணினால் டிரைவர்கள் தேடுவது அவன் மனைவி கற்பகவல்லியை.

விஸ்வநத்தத்துப் பெண். கல்யாணத்துக்கு முன் வெடிகளுக்குத் தாள் சுற்றிப் பழகிய விரல்கள் அவளுக்கு. ஒரு மழைக்காலத்தில் முனியராஜ் வழுக்கி விழுந்து வலது கையை உடைத்துக்கொண்டான். கட்டுப் போட்ட கையோடு அவன் சொல்லச் சொல்ல, கற்பகவல்லி மோட்டார்களைப் பிரித்தாள், கம்பி சுற்றினாள், பற்றவைத்தாள். கட்டு அவிழ்ந்த பிறகு அவன் வேலை மேசைக்குத் திரும்பவேயில்லை. "நம்மளவிட அவ சுத்துனது நின்னு ஓடுது. நான் எதுக்கு ஊடால?" என்று வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்லிவிட்டு டீ வாங்கப் போய்விடுவான்.

இந்தச் சித்திரையில் ஒருநாள் காலை, சபரிநாதன் என்பவன் வாடகை லோடு ஆட்டோவில் ஒரு வண்டியை ஏற்றிக்கொண்டு வந்தான். குண்டுச் சக்கரம் நாலு, பைக் மாதிரி கைப்பிடி. திருவிழா மைதானங்களில் பிள்ளைகளை உட்காரவைத்து ஓட்டுகிற வண்டி.

"அக்கா, பட்டன அமுக்குனா டிக்குங்குது, அம்புட்டுத்தான். இதுல கிக்கரும் கெடையாது, தள்ளியும் கெளப்ப முடியாது. நாளைக்குத் தாயில்பட்டியில கோயில் பொங்கல். புது மோட்டார் வர ரெண்டு வாரம் ஆகுமாம்க்கா."

"எறக்குங்க, பாப்போம்" என்றாள் கற்பகவல்லி. இப்படியொரு வண்டியை அவள் தொட்டதே இல்லை. ஆசையாக இருந்தது.

மோட்டாரைக் கழற்றிப் பிரித்தால் உள்ளே ஒரே கரி. மோட்டாருக்குள் கரண்டைக் கடத்துகிற கார்பன் கட்டை இரண்டும் தேய்ந்து நகக்கண் அளவுக்கு நின்றன. அந்த அளவு கார்பன் கடையில் இல்லை. வேன் செல்ஃபுக்குப் போடுகிற பெரிய கார்பனை எடுத்து, உப்புத்தாளில் உரசி உரசிச் சிறிதாக்கினாள். மூக்கு நுனியெல்லாம் கருப்பு. உட்காரவைத்து மூடி, பேட்டரி வயரை மோட்டாரில் வைத்தாள்.

படீரென்று பொறி பறந்தது. வயர் சூடேறியது. மோட்டார் அசையவில்லை.

சபரிநாதன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். கற்பகவல்லி மறுபடி பிரித்தாள். கரண்ட் வருகிற போல்ட்டுக்கும் மோட்டார் உடம்புக்கும் நடுவில் இருக்கவேண்டிய பிளாஸ்டிக் வாஷரைக் காணோம். அது இல்லாமல் இரண்டும் ஒட்டி ஷார்ட் ஆகியிருந்தது.

"என்னங்க, இங்கன ஒரு கருப்பு வாஷர் கெடந்துச்சே, பாத்தீகளா?"

மூன்று பேரும் தரையைத் துழாவினார்கள். மேசைக்கடியில், பெருக்கிய குப்பையில், சபரிநாதனின் செருப்புக்குள்கூடப் பார்த்தாயிற்று. தேடிக் களைத்த முனியராஜ், ஆறிப்போன டீயைக் குடிக்கத் தம்ளரைத் தூக்கினான். கற்பகவல்லி கத்தினாள்:

"அசையாதீக!"

தம்ளரின் அடியில், சிந்திய டீயின் பிசுபிசுப்பில் ஒட்டிக்கொண்டிருந்தது வாஷர். சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. முனியராஜ் அசடு வழிய அதைத் துடைத்துக் கொடுத்தான்.

இந்த முறை வயரை வைத்ததும் மோட்டார் விர்ரென்று சுற்றியது. வண்டியில் மாட்டிப் பட்டனை அமுக்கினாள். ஒரே அமுக்கு. வண்டி உறுமியது.

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்கக்கா, நீங்க ஓட்டுனாத்தான் எனக்கு நிம்மதி" என்றான் சபரிநாதன்.

எத்தனையோ வண்டிகளைக் கிளப்பிவிட்டவள், ஸ்கூட்டி தவிர எதையும் ஓட்டியதில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். முனியராஜ் கேட்காமலே பின்னால் தொற்றிக்கொண்டான். கடைக்குப் பின்னால் வறண்டு கிடந்த கண்மாய்க்குள் வண்டி இறங்கியது. மேட்டில் ஏறிக் குதித்தது. வெள்ளாடுகள் தெறித்து ஓடின. முகத்தில் அனல்காற்று அடித்தது, அவளுக்கு அதுவும் சுகமாக இருந்தது.

"ஏ கற்பகம், மெதுவா! திரும்ப ஒருக்கா கை ஒடிஞ்சிரப் போகுது!"

"ஒடிஞ்சா என்ன, கடைய நான் பாத்துக்கிடுதேன்!"

கரையிலிருந்து சபரிநாதன் கையசைத்துக் கூப்பிட்டான். லோடு ஆட்டோக்காரன் அவசரப்படுகிறானாம். கற்பகவல்லி பதிலுக்குக் கையசைத்தாள், ஆக்சிலேட்டரை முறுக்கினாள், கருவேலமரங்களைச் சுற்றி இன்னொரு வட்டம் போனாள்.