எஃகுச் சிறகனுக்கு நாங்கள் பார்த்த பெண்

போன வாரம் அலோர் ஸ்டார் டவுனில் பல் டாக்டரிடம் ஒரு பல்லைப் பிடுங்கிக்கொண்டு மருந்துக்காக உட்கார்ந்திருந்தேன். எதிரே இரண்டு கல்லூரிப் பெண்கள் ஒரு கைப்பேசியை வைத்துக்கொண்டு அடித்துக்கொள்ளாத குறை. ஏதோ பறக்கும் வீரனின் கதையாம். இரண்டு காதலிகளில் யார் அவனுக்குப் பொருத்தம் என்பதுதான் வழக்கு. "அவகூட சேந்தான்னா நான் இனிமே பாக்கவே மாட்டேன்லா" என்று ஒருத்தி கண் கலங்கினாள். அம்மா, இந்தப் பைத்தியத்தில் நாங்கள் உங்களுக்கு முன்னோடிகள் என்று சொல்ல நினைத்தேன். வாயில் பஞ்சு இருந்ததால் அவர்கள் தப்பித்தார்கள்.

கிராம்புத் தைல வாடை வந்தாலே எனக்கு எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்த டிரஸர் ஞாபகம்தான். பாலிங் பக்கத்து ரப்பர்த் தோட்டம். எழுபதுகளின் கடைசியில் அங்கே ஆபீஸில் கணக்கு எழுதும் சின்னக் கிராணியாகச் சேர்ந்தேன். பல்வலி என்று யார் போனாலும் டிரஸர் அந்தத் தைலத்தில் பஞ்சை நனைத்துக் கொடுத்து ஜெபம் சொல்லச் சொல்வார். அவர் மகள் பிலோமினா தோட்டத்துப் பாலர் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்தாள். சென்னையிலிருந்து கப்பலில் வரும் சித்திரக்கதைப் புத்தகம் எங்கள் எல்லோருக்கும் முன்னால் அவள் கைக்குத்தான் போகும். பாலிங் டவுனில் மளிகைக்கடை வைத்திருந்தவரின் மகன் சேகர் அதை அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவைத்து அவளுக்குக் கொடுப்பான். வாடிக்கையாளர் மேல் என்ன அக்கறை என்று நான் மெச்சிக்கொண்டேன். என் மூளை அவ்வளவுதான்.

புத்தகத்தின் பெயர் 'எஃகுச் சிறகன்'. முதுகில் இரும்புச் சிறகு, முகத்தில் பாதி முகமூடி, வாயில் எப்போதும் வசனம். அவனுக்கு இரண்டு பெண்கள். ஒருத்தி போலீஸ் கமிஷனர் மகள் மேகலா. வேளைக்கு ஒரு தரம் கடத்தப்படுவதே அவள் உத்தியோகம். இன்னொருத்தி தாரகை. எதிரியின் மகள், வேற்றுக் கிரகத்துக்காரி, சிறகனுக்காகப் பெற்ற அப்பனையே எதிர்த்து நின்றவள். தோட்டமே தாரகை கட்சி.

கட்சி என்றால் சும்மா இல்லை. ரப்பர்ப் பால் நிறுக்கும் ஸ்டோரில் வாளியோடு வரிசையில் நிற்கும்போது புத்தகம் கை மாறும். படித்தவர் ஓரத்தில் அபிப்பிராயம் எழுதித்தான் அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும் என்பது எங்களுக்குள் சட்டம். கடைசி ஆளிடம் போகும்போது கதையைவிட அபிப்பிராயம் அதிகமாக இருக்கும். மேகலாவுக்கு மீசை முளைத்திருக்கும். முனியாண்டி மண்டோர் ஐம்பது ஆட்களை வேலை வாங்குகிறவர். தாரகைக்குத் தோளில் குண்டு பட்ட மாதம் மூன்று நாள் கறி தொடவில்லை. மேகலாதான் குடும்பப் பெண் என்று சொன்ன மச்சானோடு பேச்சை நிறுத்தினார். எல்லாம் வளர்ந்த மனிதர்கள், ஓட்டுப் போடுகிறவர்கள்!

"எதிரி மவளா இருந்தா என்னாலா? மனசு ஒத்துப்போச்சு. குறுக்க நிக்க ஊரு யாரு?" என்று மண்டோர் ஸ்டோரில் முழங்கியபோது நான்தான் முதலில் கை தட்டினேன்.

அப்புறம் ஒரு ஞானோதயம். சிறகனுக்குத் தாரகையைத்தான் கட்டிவைக்க வேண்டும் என்று சென்னைக்கு, புத்தகம் போடுகிறவர்களுக்கு மனு எழுதுவதென்று முடிவானது. கிராணி என்பதால் எழுத்து என் தலையில். 'வேற்றுக் கிரகத்தில் பிறந்தது அவள் குற்றமா?' என்று நான் எழுதிய வரியை வாசித்துக் காட்டியபோது இரண்டு பேர் மூக்கைச் சிந்தினார்கள். அடியில் கார்பன் தாள் வைத்து நாற்பத்து மூன்று பேர் கையெழுத்துப் போட்டோம். முதல் கையெழுத்து என்னுடையது. கடைக்காரச் சேகரும் மெனக்கெட்டு வந்து போட்டுவிட்டுப் போனான். புத்தகம் எங்கள் கைக்கு வரும்போதே பல மாதப் பழசு. எங்கள் மனு கப்பலேறும் நேரத்தில் சிறகனின் கல்யாணம் அச்சாகி இந்தப் பக்கம் வந்துகொண்டிருக்கும் என்று நாற்பத்து மூன்று மண்டைகளில் ஒன்றுக்கும் தோன்றவில்லை.

அடுத்த மாதம் ஒரு மத்தியானம் சேகர் மோட்டார் சைக்கிளில் ஆபீஸுக்கு வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணே, நானும் பிலோமினாவும் நாளைக்கு அலோர் ஸ்டார்ல ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கப் போறோம். எங்க அப்பா கடைப் பக்கமே வராதேன்னுட்டாரு. அவ வீட்ல மதம் மாறிட்டு வான்னுறாங்க. சாட்சிக்கு ரெண்டு கையெழுத்து வேணும்ணே. மண்டோரும் நீங்களும் வந்தா போதும்."

மண்டோரைக் கூப்பிட்டனுப்பினேன். வந்தவர் செருப்பைப் பார்த்துக்கொண்டே பேசினார். "தம்பி, அது கதைலா. இது சாதிசனம் இருக்கிற விசயம். நாளைக்கு டிரஸர் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

சேகர் என்னைப் பார்த்தான். நானும் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் டிரஸர் குடும்பத்துக்குப் பின்வரிசையில் முழந்தாளிடுகிறவன். "நாளைக்குப் பெரிய துரை வர்றாரு தம்பி, லீவு கெடைக்காது" என்றேன். பச்சைப் பொய். துரை பினாங்கில் இருந்தார். அது அவனுக்கும் தெரியும், துரையின் பயணத்துக்குச் சாமான் ஏற்றிவிட்டதே அவன் கடைதான். "சரிண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த மரியாதையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

மனுவில் கையெழுத்துப் போட்ட மற்ற வீடுகளிலும் கேட்டிருக்கிறான். ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவருக்கு மாமியார். கடைசியில் அலோர் ஸ்டார் பஸ் நிலையத்தில் பழம் விற்ற ஒரு மலாய் அம்மாவும், ஒரு சீன டாக்ஸிக்காரரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்களாம். அந்த இருவரும் ஜென்மத்தில் ஒரு சித்திரக்கதை படித்திருக்க மாட்டார்கள். புது ஜோடி அப்படியே ஜொகூருக்கு ரயிலேறியது. திரும்பி வரவே இல்லை.

அதே வாரம் புதுப் புத்தகம் வந்தது. சிறகன் மேகலாவுக்குத் தாலி கட்டிவிட்டான். தோட்டத்தில் இழவு விழுந்தது போல் ஆனது. மண்டோர் தொழிலாளர் லயத்து வாசலில் புத்தகத்தைக் கொளுத்தினார். "பாவம்லா அந்தப் புள்ள, நம்பி வந்தவள நட்டாத்துல விட்டுட்டானே" என்று பெண்கள் தாரகைக்காக அழுதார்கள். நான்கு வீடு தள்ளி டிரஸரின் மனைவி கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். அங்கே ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. நானும்தான்.

இப்போது அந்த ஸ்டோரும் இல்லை, லயமும் இல்லை; தோட்டம் முழுக்கச் செம்பனை. சேகரின் கடை இருந்த இடத்தில் கைப்பேசி விற்கிறார்கள். மண்டோர் போய்ச் சேர்ந்துவிட்டார். பல்லைப் பிடுங்கிவிட்டு வீட்டுக்கு வந்ததும் பழைய பெட்டியைக் கிளறி மனுவின் கார்பன் பிரதியை எடுத்தேன். முக்கால்வாசிப் பெயர்கள் அழிந்து வெறும் நீலக் கறை. பதினோராவது பிலோமினா, பன்னிரண்டாவது சேகர். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், அழுத்தி எழுதியதால் நன்றாகவே தெரிகின்றன. அவர்களுக்கு மேலே இன்னும் அழியாமல் ஒரு கையெழுத்து இருக்கிறது. அது என்னுடையது. கீழே இரண்டு கோடு வேறு போட்டிருக்கிறேன்.