சித்தி சொன்ன ராணி

மரக் கதவுகளைத் தள்ளித் திறக்கிற கறுப்பு வெள்ளை டிவி அது. எண்பதுகளின் கடைசியில் அப்பா வாங்கினார். அம்மா இறந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. ஞாயிறு காலையில், பிள்ளைகளுக்கான வெளிநாட்டு மாயக் கதை ஒன்றை இந்தியில் தொடராகப் போட்டார்கள். எங்கள் தெருவில் யாருக்கும் இந்தி தெரியாது. அம்மாவின் தங்கை டியூஷன் போய் இந்திப் பரீட்சைகள் எழுதியவள். அந்தச் சித்தி மேலூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து மதுரைக்கு வந்து, என்னை மடியில் சாய்த்துக்கொண்டு, வசனம் வசனமாகத் தமிழில் சொல்வாள்.

அப்பா மொட்டைமாடியில் ஆன்டெனாவோடு நிற்பார். “தெரியுதா?” என்று மேலிருந்து குரல் வரும். “இன்னும் கொஞ்சம் திருப்புங்க மாமா” என்பாள் சித்தி. படம் பளிச்சென்றுதான் தெரியும்; அப்பாவைச் சீண்டத்தான் அப்படிச் சொல்வாள். எட்டு வயதில் அது வேடிக்கையாக இருந்தது. இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

கதையில் தாயில்லாத ஒரு ராஜகுமாரி. காட்டிலிருந்து வந்த ஒருத்தி ராஜாவைக் கட்டிக்கொண்டு ராணியாகிறாள். ராஜகுமாரியைக் கிளியாக்கிக் கூண்டில் அடைக்கிறாள். நான் அழுதுவிட்டேன். “அழுகாதடி. எதிரிங்க கண்ணுல படக்கூடாதுன்னுதான் கிளியாக்கி வச்சிருக்கா. இவ மேல அவளுக்கு அம்புட்டுப் பிரியம்” என்றாள் சித்தி. ராணி கூண்டருகே குனிந்து ஏதோ முணுமுணுத்தாள். “உங்க அம்மா எடத்துல நான் இருக்கேன் கண்ணுன்னு சொல்றா.” எனக்கு அந்த ராணியைப் பிடித்துப்போயிற்று. “மூஞ்சியப் பாத்தாலே தெரியலையா, அவ கெட்டவ” என்று பள்ளியில் சொன்னவர்களிடம் சண்டைக்குப் போனேன்.

கடைசி வாரக் கதையை நான் பார்க்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அழகர்கோவிலில் அப்பாவுக்கும் சித்திக்கும் கல்யாணம். அக்காள் போய்விட்டால் தங்கையைக் கட்டிவைப்பது எங்கள் பக்கத்தில் வழக்கம்தான். சொந்தபந்தம் எல்லாருக்கும் தெரிந்திருந்தது, என்னைத் தவிர. முதல் நாள்தான் சொன்னார்கள். ராணியே வீட்டுக்கு வருகிறாள் என்று நான் குதித்தேன்.

குறை சொல்ல முடியாது. சாப்பாடு, படிப்பு, என் கல்யாணம், எதிலும் சித்தி ஒரு குறை வைத்ததில்லை. ஆனால் போன மாதம் என் மகள் அந்தத் தொடரை இணையத்தில் தேடிப் பிடித்துப் போட்டுக் காட்டினாள். பேங்க் வேலையில் பல வருடம் வடக்கே இருந்ததால் எனக்கு இப்போது இந்தி தண்ணீர் பட்ட பாடு. ராணி கூண்டருகே குனிகிறாள். “எவ்வளவு வேண்டுமானாலும் கத்து. இந்த அரண்மனையில் இனி உனக்கென்று யாரும் இல்லை” என்கிறாள். என்னை ஏமாற்றி, பழக்கி, சரிக்கட்டியிருக்கிறார்கள்.

அப்பா இப்போது இல்லை. சித்திக்குத்தான் போன் போட்டேன்.

“ஏன் சித்தி மாத்திச் சொன்ன?”

“அப்பவே எங்களுக்குப் பேசி முடிச்சிட்டாங்கடி. நீ வேணாம்னு அழுதிருவியோன்னு உங்கப்பாவுக்குப் பயம். எனக்கும்தான்.”

“என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?”

“எங்களோடயே வந்து இருன்னு முதல் வாரமே சொல்லியிருப்பேன் சித்தி.”

அவள் அழுவது கேட்டது. நான் போனை வைத்துவிட்டேன்.