அச்சுப்பிழை என்று ஒரு கடிதம்

புத்தாண்டுக்கு மறுநாள் காலை கொட்டிவாக்கம் பாஸ்டர் எங்கள் அச்சகத்துக்குள் நுழைந்த வேகத்திலேயே ஏதோ தப்பு என்று தெரிந்துவிட்டது. மயிலாப்பூரில் அந்த அச்சகத்தில் இருபத்திரண்டு வருடம் டிடிபி செய்தவள் நான். முதலாளி பாயிடம் போகாமல் நேராக என் மேஜைக்கு வரும் வாடிக்கையாளர் வாழ்த்துச் சொல்ல வருவதில்லை.

ஓர் அட்டையை என் கீபோர்டின்மேல் போட்டார். "இன்னா சிஸ்டர் பண்ணி வெச்சிகிறீங்க?"

அது வாக்குத்தத்த அட்டை. புத்தாண்டு ஆராதனையில் அட்டைகளைத் தட்டில் கவிழ்த்து வைப்பார்கள். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். அதில் வரும் வசனம்தான் அவருக்கு அந்த வருடத்து வாக்கு. பாஸ்டர் எடுப்பது சபைக்கே. ஆசீர்வாதம், பெருக்கம், எதிரி காலடியில் விழுவது, இவைதான் ஆர்டரில் வரும். சிலுவை சுமக்கச் சொல்லும் வசனத்தை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. வசனத்தில் 'நீ கீழ்ப்படிந்தால்' என்று ஒரு நிபந்தனை இருந்தால், "அத்த எடுத்துடுங்க சிஸ்டர், இடம் பத்தாது" என்பார்கள். ஆர்.சி., அதாவது கத்தோலிக்கர், நாங்கள் மட்டும் யோக்கியமா? கிறிஸ்துமஸுக்கு முந்திய திருவருகைக் காலத்துக்கு எங்கள் பங்குக் கோயிலில் மனந்திரும்புதல் அட்டை கொடுப்பார்கள். வாங்கி விசிறிக்கொள்வோம்.

தவறு என்னுடையதுதான். எங்கள் பங்குக்கு நான் செய்துகொடுத்த அந்த அட்டை ஃபைலையே சேவ் அஸ் போட்டு, பதினாறு அட்டையில் பதினைந்தை மாற்றிவிட்டு ஒன்றை விட்டுவிட்டேன். அந்த ஒன்றையா பாஸ்டர் எடுக்க வேண்டும்? எடுத்து, மைக்கில் வாசித்தும் விட்டார். காணிக்கையைப் பீடத்திலேயே வைத்துவிட்டு, முதலில் போய் உன்மேல் மனத்தாங்கலாக இருக்கும் சகோதரனோடு சமாதானம் ஆகு என்கிற வசனம்.

பாஸ்டருக்கு ஒரே அண்ணன். அவரும் பாஸ்டர். ஒன்றாக நடத்திய சபை, ஃப்ளெக்ஸில் யார் போட்டோ பெரிசு என்ற சண்டையில் இரண்டானது. நாலு வருடமாகப் பேச்சில்லை. தம்பி கேட்டபடி தம்பி முகத்தைப் பெரிதாக்கிக் கொடுத்த புண்ணியவதியும் நான்தான்.

"ப்ரூஃப் வாட்ஸப்ல அனுப்பினேனே பாஸ்டர்? நீங்கதான் ஆமென்னு போட்டீங்க."

"இது ஆர்.சி. பைபிள் வசனம். நம்மளுது இல்ல."

அவர் கக்கத்திலிருந்த பைபிளை வாங்கி மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தைப் பிரித்துக் காட்டினேன். நடை கொஞ்சம் வேறு. சகோதரன் அங்கேயும் இருந்தார்.

குரலை இறக்கினார். "சபை பூரா கேக்குறாங்க, எப்ப அண்ணன்கிட்ட போறீங்கன்னு. இந்த வசனம் அச்சுப்பிழைன்னு லெட்டர்பேடுல எழுதிக் குடுங்க. ஞாயித்துக்கெழம வாசிச்சிடறேன்."

பாய் எட்டிப் பார்த்தார். "எழுதிக் குடும்மா. இவுரு ஆர்டர் போச்சுன்னா நாளைலேர்ந்து நீயும் வராத."

என் வீட்டில் சம்பாதிப்பவள் நான் ஒருத்திதான். பயந்தேன். ஆனால் ஆண்டவர் சொன்னதை அச்சுப்பிழை என்று எழுதக் கை வரவில்லை. இரண்டு வரி எழுதினேன். 'இந்த வசனம் இந்த அட்டையில் வந்தது எங்கள் பிழை. வசனத்தில் பிழை இல்லை.' கீழே கையெழுத்துப் போட்டேன். பாஸ்டர் முதல் வரியை மட்டும் பார்த்து, "ஆமென்" என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை, எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் ராணியக்கா மிச்சத்தைச் சொன்னாள். அவள் அந்தச் சபைதான்.

"மனுசன் ரெண்டாவது வரியையும் பாக்காமலே மைக்குல வாசிச்சிட்டாரு. நான் எய்ந்து சொன்னேன், 'வசனத்துல தப்பு இல்லன்னா போய்ட்டு வாங்க பாஸ்டர், நாங்க பாடிக்கினு கீறோம்'னு."

இரண்டு மணி நேரம் பாடினார்களாம். கடைசியில் அண்ணனும் தம்பியும் ஒரே பைக்கில் வந்து இறங்கினார்களாம். கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. என் வேலையும் பிழைத்தது. அடுத்த ஃப்ளெக்ஸில் இரண்டு முகத்தையும் ஒரே அளவாக அளந்து வைத்தேன்.

டிடிபிக்குப் புதிதாக வருபவர்களே, பழைய ஃபைலில் சேவ் அஸ் போட்டால் கடைசி அட்டைவரை பாருங்கள். கையெழுத்துப் போடுமுன் இன்னும் நன்றாகப் பாருங்கள். ஏனென்றால் ராணியக்கா அன்று சும்மா போகவில்லை.

"ராஜா அண்ணாமலைபுரத்துல கீற உன் தங்கச்சிகிட்ட பேசினியா?"

"அது வேற கதைக்கா."

"இன்னா வேற? தப்பு இல்லன்னு கையெழுத்து போட்டவ நீதான?"

தங்கை தன் மகள் கல்யாணத்துக்கு என்னை அழைக்கவில்லை; அதிலிருந்து ஆறு வருடமாகப் பேச்சில்லை. பஸ்ஸில் மூன்று ஸ்டாப்புதான். ராணியக்கா கத்தியோடு பார்த்துக்கொண்டே இருந்தாள். இன்னும் அரைக் கிலோ வஞ்சிரம் தனியாகக் கட்டச் சொன்னேன். தங்கைக்கு வஞ்சிரம் என்றால் உயிர்.